பன்னிரண்டரைக்கு நடை சாத்தும் ஊர்: மதுரையில் இருவருக்கு இரண்டு நாள்

மதுரை பார்க்க வரும் தம்பதிகள் பலர் முதல் நாளைத் தொலைப்பது ஒரே மாதிரிதான். ரயிலை விட்டிறங்கி, குளித்து, சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் பதினோரு மணிக்குக் கோயிலுக்குள் நுழைவார்கள். வரிசை நகர்வதற்குள் பன்னிரண்டரை ஆகிவிடும், நடை சாத்திவிடுவார்கள். மறுபடி நாலு மணிக்குத்தான். பாண்டியருக்கும் நாயக்கருக்கும் தலைநகராக இருந்த ஊர்தான், ஆனாலும் இங்கே நேரத்தைத் தீர்மானிப்பது மீனாட்சியின் நடை.

தங்குவதற்கு ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே, டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் பாருங்கள். கோயிலுக்கு நடந்தே போகலாம். சித்திரைத் திருவிழா நாட்களில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும். வழி தெரியாமல் போனால் பயப்பட ஒன்றுமில்லை. உள்ளிருந்து வெளியே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாகக் கோயிலைச் சுற்றுகின்றன. எந்த மாதப் பெயரில் நிற்கிறோம் என்று பார்த்தாலே கோயில் எவ்வளவு தூரம் என்று புரிந்துவிடும். மாசி வீதிக்குள் ஆட்டோவை விட நடந்து போவதே வேகம். வெளியே போக ஆட்டோ என்றால் ஏறும் முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குள் கோயிலில் இருப்பது நல்லது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்ததற்குப் பிறகு உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை, வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும். அரைக்கால் சட்டையோடு விட மாட்டார்கள். இருவர் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை என்பதால், சந்திக்கும் இடத்தை முதலிலேயே பேசி வையுங்கள். முக்குறுணிப் பிள்ளையார் சரியான இடம். அவ்வளவு பெரிய பிள்ளையாரைத் தவறவிட முடியாது. (ஒரு குறுணி ஆறு படி. விநாயகர் சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை.) இன்னொன்று, நான்கு பக்கமும் கோபுர வாசல் இருப்பதால், செருப்பை ஒரு வாசலில் விட்டு வேறு வாசலில் வெளியே வந்துவிடுவது இங்கே சர்வ சாதாரணம். வெயில் ஏறிய பிறகு வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்றுவது லேசில்லை. போன், செருப்பு, வெளியேறுவது மூன்றும் ஒரே வாசலாக இருக்கட்டும்.

அம்மனைப் பார்த்துவிட்டுத்தான் சுவாமி. சுவாமி சந்நிதிக்கு முன்னே கம்பத்தடி மண்டபத் தூணில் திருக்கல்யாணச் சிற்பம் இருக்கிறது. பெருமாள் தங்கையைத் தாரை வார்க்கிறார், மீனாட்சி நடுவில் தலை குனிந்து நிற்கிறாள். திக்விஜயம் செய்த ராணிக்கு அந்த நாணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண் 985தான்.

நடை சாத்திய மதிய நேரத்துக்குத் திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டியது. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். இன்று நிற்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதி மட்டுமே. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமான அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். கண் மட்டத்தில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள். தயவுசெய்து உங்கள் பெயரைச் சேர்க்காதீர்கள். அங்கிருந்து விளக்குத்தூண் பக்கம் போனால் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், ஊறிய பாதாம் பிசின், மேலே ஐஸ்கிரீம். பிசின் நன்றாக ஊறிக் கண்ணாடி போல வழுவழுவென்று இருக்க வேண்டும். பல்லில் நறநறவென்றால் அவசரத்தில் ஊறப்போட்டது.

இரண்டாம் நாள் விடியலில் கீழக்குயில்குடி சமணர் மலை. செட்டிப்புடவு என்ற குகையில் மகாவீரர் சிற்பமும், மேலே பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்களும், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டும் இருக்கின்றன. பாறை சுடுவதற்குள் இறங்கிவிட வேண்டும், தண்ணீர் கையோடு இருக்கட்டும். பிறகு கீழடி அருங்காட்சியகமோ காந்தி மியூசியமோ ஏதாவது ஒன்று போதும். இரண்டையும் ஒரே பகலில் அடைத்தால் எதுவும் மனதில் நிற்காது.

மாலையில் வண்டியூர் தெப்பக்குளம். மகால் செங்கலுக்கு மண் தோண்டிய பள்ளம்தான் குளமாயிற்று, முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்ததும் அங்கேதான் என்பது ஊர் வழக்கு. திரும்பும் வழியில் அம்மன் சந்நிதிப் பக்கம் மல்லிகை வாங்குங்கள். முழத்துக்கு விற்பவர் கையால்தான் அளப்பார், அதனால் நீளத்தை விட நெருக்கத்தைப் பாருங்கள். விரிந்த பூ வேண்டாம். மொட்டாக வாங்கினால் ராத்திரி தலையில் மலரும்.

ஒன்பது மணிக்குள் மீண்டும் கோயில். சொக்கரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து, மேளத்தோடு அம்மன் பள்ளியறைக்குக் கொண்டு போவார்கள். அது முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். செருப்பு விட்ட வாசல் நினைவிருக்கட்டும்.