பங்குனி வெயிலில் பள்ளிக்கரணை

போன சனிக்கிழமை மத்தியானம் மூன்றரைக்கு, பறவை பார்ப்பவர்கள் யாரும் கிளம்பாத நேரத்தில், சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கிளம்பினேன். விடியற்காலையில் எழுந்து போகிற ஒழுக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது. துணைக்கு அக்கா மகன், எட்டாவது படிக்கிறான். "சித்தி, அங்க குப்பைதான இருக்கும்?" என்றான். அதுவும் இருக்கும்டா என்றேன்.

இருந்தது. ரேடியல் சாலையோரம் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கியதுமே பெருங்குடிக் குப்பைமேட்டின் வாடை வந்து மூக்கில் ஏறியது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த, 1,247 ஹெக்டேர் சதுப்பு நிலத்தின் வரவேற்பு அப்படி. நல்லவேளை, நாலு மணிக்குள் கடல்காற்று எழும்பிவிட்டது. நாங்களும் லாரிச் சத்தத்தை விட்டு விலகிப் பூங்கா நடைபாதைக்குப் போய்விட்டோம்.

பைனாகுலர் அப்பாவுடையது. வலது லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்கவேண்டும்.

அது தேவைப்படாத தூரத்திலேயே ஒரு நீலத் தாழைக்கோழி நின்றது. சம்புக் கோரையை அடியோடு பிடுங்கி, ஒரு காலில் நின்றபடி மறுகாலின் நீண்ட விரல்களால் தண்டை இறுக்கிப் பிடித்து, சிவப்பு அலகால் தோலை உரித்து உரித்துப் போட்டு உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டை மட்டும் தின்றது. பொங்கலன்று திண்ணையில் உட்கார்ந்து கரும்பு கடிக்கிறவர்களின் அதே மும்முரம். பையன் பத்து நிமிடம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

எனக்கு இந்த மாதம் பிடிப்பதற்குக் காரணம் வேறு. குளிர்காலம் முழுக்க இங்கே மங்கலாகத் திரியும் விருந்தாளிகள், ஊர் திரும்பும் நேரம் நெருங்கியதும் உடை மாற்றத் தொடங்கும். மீசை ஆலாக்களைப் பாருங்கள். மார்கழியில் வெள்ளையும் சாம்பலுமாக இருந்தவை. இப்போது சிலவற்றுக்கு உச்சந்தலை முழுக்கக் கறுத்து, வயிறு புகைபிடித்த சுவர் மாதிரி ஆகியிருக்கிறது. சிலதுக்குப் பாதிதான் ஆகியிருக்கிறது. தையல்காரர் இன்னும் சட்டை தரவில்லை போலும்!

நம்மூரிலேயே தங்கும் நீளவால் இலைக்கோழியும் மாறுகிறது. ஆகாயத்தாமரை மேல் நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குப் பின்கழுத்தில் பொன்மஞ்சள் ஏறிவிட்டது, வால் மட்டும் அரைகுறை. இதில் பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் அப்பாதான். அத்தானிடம் சொல்லவேண்டிய செய்தி.

ஐந்தரைக்கு மேல்தான் நான் தேடி வந்தது கிடைத்தது. நீலச்சிறகி வாத்துகள், பதினொன்று. மத்திய ஆசியா, சைபீரியா என்று போய்விடும். அடுத்த வாரம் இருக்குமோ என்னவோ. ஆண்களுக்குக் கண்ணுக்கு மேலே பிறை மாதிரி வெள்ளைப் பட்டை; மூன்று மாதத்துக்கு முன்னால் அது இல்லாமல் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முடியாமல் தவித்திருக்கிறேன். ஒன்று தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒரு சத்தம் போட்டது. வாத்துச் சத்தமே இல்லை அது. சீப்பின் பல்லில் நகத்தை ஓட்டினால் வருமே, அந்த வறட்டுக் 'கிர்ர்'. பெண் வாத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாவம் சித்தி," என்றான் பையன்.

இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டோம். வழியில் மேடவாக்கத்தில் ஆளுக்கு ஒரு கரும்புச்சாறு.

ராத்திரி அக்கா போன் செய்தாள். "என்னடி பண்ணின இவனை? சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டேங்கிறான். என் சீப்பை எடுத்து வெச்சுக்கிட்டுக் கிர்ரு கிர்ருன்னு தேய்ச்சுக்கிட்டே இருக்கான்."