புறங்கையால் தொட்டுப் பார்

போன ஜூலையில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். விருதுநகர் பக்கம் முப்பது வருடம் வயர்மேனாகக் கம்பம் ஏறியவர். டெக்சாஸ் வெயிலில் அவரை வீட்டுக்குள் அடைத்து வைக்க மனமில்லாமல், டிராவல் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஹில் கன்ட்ரி பக்கம் ஒரு கேம்ப் கிரவுண்டுக்குப் போனோம். பழைய வண்டிதான், இரண்டாம் கை. அவருக்கு அது "சக்கரம் வச்ச வீடு".

இரண்டாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. வெறுங்காலோடு புல்லில் நடந்துவிட்டு வந்த அப்பா, கதவுப் பிடியில் கை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முதல் நாள் எனக்கும் லேசாகச் சுருக்கென்றது. ஏதோ ஸ்டாட்டிக் என்று விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, புறங்கையால் டிரெய்லரின் அலுமினியத் தகட்டை மெல்லத் தடவினார். உள்ளங்கையால் தொட்டால் ஷாக்கில் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். புறங்கை என்றால் கை விலகும். (அவர் செய்ததை நீங்கள் செய்ய வேண்டாம். நானும் செய்ய மாட்டேன்.) அப்புறம் பெட்டியிலிருந்து டெஸ்டரை எடுத்து வைத்தார். மங்கலாக எரிந்தது.

"ஏ தாயி, இதுல எர்த் இல்ல. புள்ளைகள இறங்க விடாத."

வண்டிக்குக் கரண்ட் தரும் கம்பத்துப் பெட்டியில் பிரேக்கரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க பிரேக்கரை மறுபடி போட்டோம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 119 வோல்ட், சரி. பேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு காட்ட வேண்டும். எண் நிலையில்லாமல் தாவிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்ப்பவர் வந்து பெட்டியைத் திறந்தால், எர்த் வயர் ஸ்க்ரூவை விட்டுக் கழன்று சும்மா தொங்கியது.

ஆனால் அது பாதிக் கதைதான். எர்த் இல்லாவிட்டாலும், எங்கோ கசிந்தால்தானே தகட்டில் கரண்ட் வரும்? கசிந்தது எங்கள் வாட்டர் ஹீட்டர் காயில். எர்த் இருந்தவரை கசிவு சத்தமில்லாமல் அதன் வழியே போயிருக்கிறது. எர்த் அறுந்ததும் போக வழியில்லாமல் வண்டி முழுக்க நின்றது. நனைந்த காலோடு யாராவது தொட்டால் அவர்தான் வழி. பிரேக்கர் ஏன் விழவில்லை என்று என் கணவர் கேட்டார். "மாப்பிள்ள, பிரேக்கர் வயரக் காப்பாத்தத்தான். நம்மளக் காப்பாத்த இல்ல," என்றார் அப்பா. 30 ஆம்பியருக்கு மேல் இழுத்தால்தான் அதற்கு உறைக்கும். ஆளைக் கொல்ல அதில் சின்னத் துளி போதும். இங்கே 120 வோல்ட்தானே, நம்ம ஊர் 230-ல் பாதிதானே என்று நானும் நினைத்தவள்தான். ஈரக்காலுக்கு 120 தாராளம்.

வீட்டுக்குத் திரும்பியதும் காயிலை மாற்றினோம். கம்பத்துக்கும் எங்கள் வயருக்கும் நடுவில் மாட்டுகிற, கரண்ட்டைச் சோதித்து விடும் இஎம்எஸ் கருவி ஒன்றும் வாங்கினோம். சாதாரண சர்ஜ் புரொடெக்டரில் பலதும் திடீர் எழுச்சியை மட்டும்தான் தடுக்கும். இது எர்த் இல்லை, பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறது, வோல்டேஜ் தாழ்ந்துவிட்டது என்றாலும் கரண்ட்டை உள்ளேயே விடாது. போட்டதும் இரண்டு நிமிடத்துக்கு மேல் யோசித்துவிட்டுத்தான் விடும், அந்த நேரத்தில் ஏசி இல்லாமல் வேர்த்துக் கொட்டும். பரவாயில்லை. மாலை ஐந்து மணிக்கு எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது ஒரு தடவை வோல்டேஜ் 106 வரை இறங்கியதைப் பார்த்தேன். 104-க்குக் கீழே போனால் எங்களுடையது அணைத்துவிடும், இல்லாவிட்டால் கம்ப்ரஸர் சூடேறிப் போகும்.

இன்னொரு விஷயம், வீட்டில் டிரெய்லருக்கென்று சாக்கெட் போட ஆள் கூப்பிடுகிறவர்களுக்கு. மூன்று கால் 30 ஆம்ப் சாக்கெட்டைப் பார்த்ததும் துணி காயவைக்கும் ட்ரையருக்கு என்று நினைத்து 240 கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. டிரெய்லருக்கு வேண்டியது 120. மாறிப்போனால் மைக்ரோவேவ், கன்வர்ட்டர், ஏசி எல்லாம் ஒரே நொடியில் போகும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருகாதீர்கள்.

லோடு கணக்கு எங்கள் வீட்டில் தோசைக் கணக்கு. 30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி 13 ஆம்ப் இழுக்கும், இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் 15. அதோடு யாராவது வாட்டர் ஹீட்டரைப் போட்டால் இன்னும் 12, டப்பென்று இருட்டு. அதனால் தோசை முடியும்வரை ஹீட்டருக்குக் கரண்ட் கிடையாது. அதைக் கேஸில் ஓட்டிக்கொள்வோம். பிரேக்கர் விழுவதுகூட நல்லதுதான். விழாமல் சூடேறும் பிளக்தான் பயம். ஆயிரம் பேர் சொருகிப் பிடுங்கிய சாக்கெட்டுகள், உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கும். எங்கள் பழைய பிளக்கின் ஒரு கால் அப்படித்தான் கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகிவிட்டது. இப்போது ஏசி ஒரு மணி நேரம் ஓடியதும் போய் பிளக்கின் ரப்பரைத் தொட்டுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் வேறு இடம் கேட்டு வாங்கிவிடுவேன்.

அப்பாவின் டெஸ்டர் இன்னும் கரண்டி டிராயரில்தான் கிடக்கிறது. ஊருக்குப் போகும்போது வேண்டுமென்றே விட்டுப்போனாரா, மறந்தாரா என்று கேட்கவில்லை.