போடியிலிருந்து டாப் ஸ்டேஷன்: ஜீப்பெல்லாம் வேண்டாம், காரே போதும்!

மச்சானோடு போடியிலிருந்து மூணாறு வழியாக டாப் ஸ்டேஷன் மலைமுனைக்குக் காரில் போய் வந்தேன். மூணாறு ஜீப்புக்காரர் ஒருவர் மேல் உள்ள கடுப்பு இன்னும் அடங்கவில்லை. அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒரு விஷயம்: பெட்ரோலைப் போடியிலேயே நிரப்பிவிடுங்கள். கேரளாவில் விலை கூடுதல், மலை ஏற்றத்தில் கார் நன்றாகவே குடிக்கும்.

முந்தலில் ஏற்றம் தொடங்குகிறது. வளைவுக்கு வளைவு காய்ந்த பாறை, முள்மரம், வெயில். போடி மெட்டு செக்போஸ்டைத் தாண்டியதும் ஏலத்தோட்டம், ஈரம், குளிர். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டோம்.

பூப்பாறையில் ஒரு தகரக்கூரைக் கடை. கப்பையும் (மரவள்ளிக்கிழங்குதான்) மத்தி மீன் குழம்பும் தவிர வேறு எதுவும் இல்லை என்றார் அந்தச் சேச்சி. இட்லி கேட்ட மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மஞ்சள் போட்டு மசித்த கப்பை ஆவி பறக்க வந்தது. குழம்பில் குடம்புளித் துண்டு கறுப்பாக மத்தியோடு ஒட்டிக் கிடந்தது. காரம் உச்சந்தலையில் ஏறியது. மச்சான் இரண்டாவது தட்டு வாங்கியதை இங்கே பதிவு செய்கிறேன். மூணாறில் ஒரு காபிக்குக் கேட்ட காசில் பாதிதான் இங்கே சாப்பாட்டுக்கு ஆனது.

அடுத்து ஆனையிறங்கல் அணை. எல்லோரும் மூணாறு மூணாறு என்று இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள், சுத்த முட்டாள்தனம். தேயிலைச் சரிவு நேராக ஏரிக்குள் இறங்குகிறது. தண்ணீர் வற்றிய இடத்தில் செம்மண் கரை மட்டும் சேலையின் பார்டர் மாதிரி சுற்றி ஓடுகிறது. இந்தச் சின்னக்கானல் பக்கம்தான் அரிசிக்காகக் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் யானை சுற்றியது. 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது கம்பத்துக்குள் வந்து நிற்க, ஜூனில் நம் வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. மற்ற யானைகள் இன்னும் இங்கேதான், அந்தி சாய்ந்த பிறகு ஏரிக்கரையில் நிற்காதீர்கள்.

அங்கிருந்து மூணாறு போகும் கேப் ரோடு இப்போது அகலமாக, வழவழவென்று இருக்கிறது. மூணாறு ஊருக்குள் நெரிசல்தான். காரை ஓரம் கட்டியதும் அந்த ஜீப்புக்காரர் வந்தார். "அண்ணே, டாப் ஸ்டேஷனுக்கு உங்க கார் ஏறாது, ரோடு மோசம். மூவாயிரத்து ஐநூறு குடுங்க, எல்லாம் காட்டிடுறேன்." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே டாப் ஸ்டேஷன் பலகை மாட்டிய பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது! பஸ்ஸைக் காட்டினேன். "அது பெரிய வண்டிண்ணே" என்றார். என்ன பதில் சொல்ல?

சாலை சில இடங்களில் குறுகல், அவ்வளவே. மாட்டுப்பட்டியில் படகுக்கு நீண்ட வரிசை, விட்டுவிட்டோம். எக்கோ பாயிண்டில் கத்துவதற்குக் காசு கொடுக்க மனசில்லை. குண்டளை ஏரி மட்டும் அமைதி. கரையில் மண்ணோடு பிடுங்கிய கேரட் விற்கிறார்கள், வாங்கலாம்.

டாப் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் கீழே நம் தேனி மாவட்டம், கொட்டகுடிப் பக்கம். போடியில் புறப்பட்டு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் சுற்றி வந்து போடிக்கு மேலேயே நிற்கிறோம்! வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலை ரயிலில் இங்கே வந்து, ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் போனது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனதோடு சரி, திரும்பப் போடவே இல்லை. தேயிலைப் பெட்டிக்கு இருந்த குறுக்குவழி மனிதனுக்கு இல்லை என்று மச்சான் புலம்பிக்கொண்டே வந்தான், பெட்ரோல் காசு பாதி அவனுடையது இல்லையா.

போகிறவர்கள் ஆறு மணிக்கே போடியை விட்டுக் கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் டாப் ஸ்டேஷனில் பக்கத்தில் நிற்பவர்கூடத் தெரிய மாட்டார். முதலில் நேராக அங்கே போய்விட்டு, ஏரிகளை இறங்கும்போது பாருங்கள். சனி, ஞாயிறு மட்டும் வேண்டவே வேண்டாம்.