மூன்று மணிக்கு மேல் கால் நகராது

அருங்காட்சியக வாசல் படியில் ஒரு சிறுவன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மணி மூன்று. அப்பா கையில் இருந்த தாளில் இன்னும் நான்கு இடங்கள் பாக்கி.

அது பிடிவாதம் இல்லை. கால் வலி, பசி.

ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளோடு நகரம் சுற்றப் போகிறீர்களா? ஒரு நாளைக்கு ஒரே ஒரு பெரிய இடம். அதுவும் காலையில், கதவு திறக்கும்போதே. உள்ளே ஒன்றரை மணி நேரம் போதும். எந்தெந்தக் கூடம் என்று பிள்ளையே சொல்லட்டும்.

மதியம் பூங்கா, இல்லையென்றால் அறைக்குத் திரும்பித் தூக்கம்.

அதனால்தான் தங்கும் இடம் முக்கியம். மெட்ரோ நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கட்டும். தள்ளி மலிவாகக் கிடைக்கும் அறைக்கு மதியம் யாரும் திரும்பப் போவதில்லை. இந்த ஒன்றில் மட்டும் பணத்தைப் பார்க்காதீர்கள்.

பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. தேதி குறிக்கும் முன்பே பாருங்கள். சிறுவர் கட்டணத்துக்கு வயதுச் சான்று கேட்கலாம். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம், கடித்துவிடும்.

கிளம்பும்போது பிள்ளையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தேட நேர்ந்தால், பதற்றத்தில் சட்டை நிறம்கூட நினைவுக்கு வராது.