கொண்டு கொடுத்த ஊர்

நாகலூரில் எங்கள் களத்தில் காப்பிப் பழத்தைக் கிளறிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து, காலையிலிருந்து நாலைந்து பேர் நின்று விசாரித்துவிட்டார்கள். அம்மா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறார்: "எம்மவ இருக்கற ஊருக்கும் இந்தப் புள்ளயோட ஊருக்கும் கொண்டு கொடுத்த சம்பந்தமுங்க. அதான் பொங்கலுக்கு வந்திருக்குது." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, "சாப்டியா சாமி?" என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

வேறு வேறு நாட்டு ஊர்கள் இரண்டு இப்படி உறவு வைத்துக்கொள்ளும் விஷயத்தை அம்மாவுக்குப் போனில் புரியவைக்க நான் ரொம்ப நாள் பாடுபட்டேன். ஜெர்மன்காரர்கள் 'பங்காளி ஊர்' என்பதுபோல ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதற்கு 'இரட்டைப் பிள்ளையாக்குவது' என்று அர்த்தம். நம் பத்திரிகைகள் 'சகோதரி நகரம்' என்று எழுதும். எதுவும் அம்மாவிடம் எடுபடவில்லை. "ஊருக்கு எப்படிடி அக்கா தங்கச்சி வரும்?" என்பார். ஒருநாள் 1397-ல் நடந்த ஒரு நிச்சயதார்த்தத்தைச் சொன்னேன். இப்போது பிரான்ஸில் இருக்கும் மோன்பெலியார்தான் இந்தப் பெண்ணின் ஊர். அன்று அந்தச் சீமைக்கு வாரிசு ஹென்ரியேட் என்ற சின்னப் பெண். அவளை ஜெர்மன் பக்கத்து வூர்ட்டெம்பெர்க் பிரபு வீட்டுப் பையன் எபர்ஹார்டுக்குப் பேசி முடித்தார்கள். அவளோடு அந்தச் சீமையும் அவர்கள் பக்கம் வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793-ல், பிரான்ஸோடு சேரும்வரை ஏறக்குறைய நானூறு வருஷம் அப்படியே இருந்தது. அதே வூர்ட்டெம்பெர்க் வம்சம் 1704-ல் அரண்மனை கட்டத் தொடங்கி உண்டாக்கிய ஊர்தான் ஜெர்மனியில் நான் இப்போது இருக்கும் லுட்விக்ஸ்பூர்க். "அட, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? பொண்ணு எடுத்த ஊரு!" என்றார் அம்மா. அன்றோடு அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது.

2021 அக்டோபரில் அங்கே போய்ச் சேர்ந்தேன். சேலத்தில் நர்சிங் படித்து, நாலு வருஷம் ஆஸ்பத்திரி வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் மொழியில் பி2 என்ற நிலைத் தேர்வை முடித்திருந்தேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் வரும் ஊர். வேலை ஒரு முதியோர் இல்லத்தில். படித்த ஜெர்மன் வேறு, அங்கே பாட்டி தாத்தாக்கள் பேசிய ஸ்வேபிய ஜெர்மன் வேறு. எங்கள் பக்கம் எதற்கும் 'ங்க' ஒட்டுவதுபோல அவர்கள் 'லே' ஒட்டுவார்கள். முதல் மாதம் பாதி பேச்சைக் கைஜாடையில் ஓட்டினேன்.

நான் போன நேரம் அரண்மனைத் தோட்டத்தில் பூசணிக்காய்க் கண்காட்சி. மஞ்சளும் சிவப்பும் சாம்பலுமாகப் பல ரகங்களை அடுக்கிச் சிலைகளே செய்து வைத்திருந்தார்கள். அதே வாரம் சேலத்துக் கடைவாசல்களில் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்துக் குங்குமம் தெறித்துக் கிடந்திருக்கும். அந்தத் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பிறகு அந்த ஊரில் நான் அழுத இடம் அதிகமில்லை, அதனால் அது நன்றாக நினைவிருக்கிறது.

'எங்கிருந்து வருகிறீர்கள்?' என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்லி மாளாது. கெட்ட எண்ணத்தோடு யாரும் கேட்கவில்லை. "சேலம்" என்பேன். அவர்கள் முகம் மலரும். "ஏரிக்கரையில், அந்தப் பழைய மடத்தில் பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறதே, அந்த ஊரா?" என்பார்கள். அதே மாநிலத்தில் கான்ஸ்டன்ஸ் ஏரி பக்கம் சாலெம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1920-ல் தொடங்கிய அதன் உறைவிடப் பள்ளியை அங்கே தெரியாதவர் கிடையாது. இல்லை, இந்தியாவில், மலையடிவாரத்தில், மாம்பழமும் வெள்ளிக் கொலுசும் பேர் போன ஊர் என்று நான் திருத்துவேன். அந்த நொடியில் நான் மறுபடி வெளியூர்க்காரி ஆகிவிடுவேன்.

அதை மாற்றியவர் என் மாடியில் பதினேழாம் அறையில் இருந்த பாட்டி. அங்கே நர்ஸை இன்னமும் 'ஷ்வெஸ்டர்' என்பார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் 'சிஸ்டர்' என்று கூப்பிடும் அதே சொல். காலை மாத்திரை கொடுக்கும்போது ஏதாவது கேட்டபடி இருப்பேன், மொழி பழக. ஒருநாள் அவரே சொல்லத் தொடங்கினார். 1962 செப்டம்பர் 9. அவருக்கு அப்போது பதினாறு வயது. அரண்மனை முற்றம் முழுக்க இளைஞர் கூட்டம். பிரெஞ்சு அதிபர் தெ கோல் மேடை ஏறி ஜெர்மன் மொழியிலேயே பேசினார். நீங்கள் ஒரு பெரிய மக்களினத்தின் பிள்ளைகள் என்றார். "போர் முடிந்து பதினேழு வருஷம். நாங்கள் யார் என்று வெளியே சொல்லவே கூசி வளர்ந்த பிள்ளைகள். எங்களை எதிர்த்துப் போராடிய மனிதர் வந்து அப்படிச் சொல்கிறார்" என்றார் பாட்டி. மாத்திரைக் கிண்ணம் அவர் கையில் அப்படியே இருந்தது. நாலு மாதத்தில், 1963 ஜனவரி 22-ல், இரு நாடுகளும் எலிசே என்ற நட்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

ஆனால் லுட்விக்ஸ்பூர்க் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1950-லேயே மோன்பெலியாரோடு உறவு தொடங்கிவிட்டது. போருக்குப் பிறகு ஒரு ஜெர்மன் ஊரும் ஒரு பிரெஞ்சு ஊரும் இப்படிச் சேர்ந்தது அதுதான் முதல் முறை. மோன்பெலியார் மேயர் லூசியான் தராதான் நாஜிகளை எதிர்த்து நின்றவர், புஹன்வால்ட் வதைமுகாமில் அடைபட்டு உயிரோடு திரும்பியவர். அந்த மனிதர்தான் ஐந்தே வருஷத்தில் ஜெர்மன் ஊருக்குக் கை நீட்டினார். எனக்கு இது இன்றும் மலைப்பாக இருக்கிறது. வரப்புத் தகராறில் மூன்று தலைமுறை பேசாத குடும்பங்களை நாகலூரிலேயே எனக்குத் தெரியும்.

பாட்டி பள்ளிக்கூடப் பரிமாற்றத்தில் மோன்பெலியார் போய் ஒரு வீட்டில் தங்கியவர். அந்த வீட்டுப் பெண்ணோடு அறுபது வருஷ சிநேகம். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தகர டப்பா போய்வந்தபடி இருந்தது. சதுர டப்பா, மூடியில் அரண்மனைப் படம், மூலைகளில் சாயம் உதிர்ந்து துரு. டிசம்பரில் பாட்டி அதில் ஷ்ப்ரிங்கர்லே நிரப்பி அனுப்புவார். மர அச்சில் பூவும் பறவையும் பதித்துச் சுடும் வெள்ளை பிஸ்கட், சோம்பு போல மணக்கும். சுட்ட அன்று பல்லை உடைக்கும், டப்பாவில் சில வாரம் கிடந்தால் பதமாகும். அங்கிருந்து டப்பா ஒருமுறைகூட வெறுமையாகத் திரும்பியதில்லையாம். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம்.

2022 டிசம்பரில் பாட்டியால் பயணம் போக முடியவில்லை. "சிஸ்டர், நீ போ" என்றார். இரட்டை ஊர்ச் சங்கத்துப் பேருந்தில் அவர் இடத்தை எனக்கு வாங்கிக்கொடுத்து, டப்பாவை என் மடியில் வைத்தார்.

சேலத்துக்கும் சென்னைக்கும் உள்ள தூரம்தான், கொஞ்சம் குறைவு. ரைன் ஆற்றைத் தாண்டினால் பிரான்ஸ். எல்லை என்று ஒரு பலகை மட்டும். மோன்பெலியாரில் புனித மார்ட்டின் தேவாலயத்தைச் சுற்றிக் கிறிஸ்துமஸ் கடைகளும் விளக்குகளும். நானூறு வருஷத்துக்கு முன் அதைக் கட்டிய ஷிக்ஹார்ட் ஒரு வூர்ட்டெம்பெர்க்காரர். நகர மன்றத்தில் வரவேற்பு. கூட்டத்தில் ஒருவர் என்னைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார், எங்கிருந்து என்று. நான் வாயைத் திறக்கும் முன், டப்பாவைக் கையில் வாங்கியிருந்த அந்த வீட்டம்மா பதில் சொன்னார்: "லுட்விக்ஸ்பூர்க்." கேட்டவர் "ஆ, நம்ம லுட்விக்ஸ்பூர்க்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த கேள்வி வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் வாழ்ந்து, வரி கட்டி, வாரம் தவறாமல் படிக்கட்டு பெருக்கி எனக்குக் கிடைக்காத ஊர், முந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தது.

இரண்டு இரவு அவர் வீட்டில் தங்கினேன். பேச்செல்லாம் ஜெர்மனில்தான், அவருக்கும் அது படித்த மொழி, எனக்கும் படித்த மொழி. 1961-ல் முதல் தடவை அந்த ஜெர்மன் பெண் வந்தபோது தன் அப்பா சாப்பாட்டு மேசைக்கே வரவில்லை என்றார். சமையலறையில் நின்றபடி தனியாகச் சாப்பிட்டாராம். மூன்றாவது நாள் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் அந்தப் பெண் போய்க் கூடையைப் பிடித்திருக்கிறாள். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, கூடை நிறைந்ததும் அடுத்த கூடையை நீட்டினார். அன்று இரவு மேசைக்கு வந்துவிட்டார்.

ஒப்பந்தம், கொடி, மேயர் கையெழுத்து எல்லாம் வேண்டியதுதான். ஸ்டுட்கார்ட்டுக்கும் மும்பைக்கும் 1968 முதலே இந்த உறவு உண்டு. ஆனால் ஒரு வீட்டில் படுத்து எழுந்து, அவர்கள் துண்டில் முகம் துடைத்து, அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கினால்தான் அது ஒட்டும் என்பதை நான் அங்கே பார்த்தேன். அடுத்த வசந்தத்தில் மோன்பெலியார்க்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அந்த அம்மா என் ஒற்றை அறை வீட்டில்தான் தங்கினார். பாட்டி எனக்குக் கொடுத்திருந்த, ஸ்பேட்ஸ்லே என்ற அவர்கள் ஊர் நூடுல்ஸ் பிழியும் அச்சு பார்ப்பதற்கு நம் முறுக்கு அச்சு போலவே இருக்கும். அதில் இடியாப்பம் பிழிந்தேன். இழை தடிமனாக வந்தது, தேங்காய்ப் பாலில் ஊறியதும் சரியாகிவிட்டது. மூன்று தட்டு சாப்பிட்டார்.

போன மார்ச்சில் பாட்டி இறந்துபோனார். அப்போது டப்பா மோன்பெலியாரில் இருந்தது. யாருக்கு அனுப்புவது என்று அந்த அம்மா போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவரே ஒரு முடிவு எடுத்தார். இந்தப் பொங்கலுக்குத் தன் பேத்தியை என்னோடு அனுப்பிவைத்தார், டப்பா அவள் பையில் இருந்தது.

சேலத்தில் இறங்கி மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினோம். ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளிப் பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவள் வாயில் அது 'மோன்ஃபோர்' என்று வந்தது. லூயி மரி தெ மோன்ஃபோர் பிரான்ஸில் பிறந்த துறவி. அவர் பெயரில் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-ல் தொடங்கிய பள்ளி அது. சின்ன வயதிலிருந்து அந்தப் பலகையைக் கடந்து போனவள் நான். அது ஓர் ஊர்ப் பெயர் என்றோ, அந்த ஊர்க்காரர்கள் அதை வேறு மாதிரி உச்சரிப்பார்கள் என்றோ எனக்குத் தோன்றியதே இல்லை.

மாட்டுப்பொங்கல் அன்று அவளை வீட்டுக்குள் பிடித்துவைக்க முடியவில்லை. மோன்பெலியார் என்றால் அவர்கள் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது பசு. செவலையில் வெள்ளைத் திட்டுப் போட்ட இனம், கோந்தே பாலாடைக்கட்டிக்குப் பால் கொடுப்பதில் பெரும்பங்கு அதுதான். எங்கள் செவலையின் கொம்புக்கு அப்பா வர்ணம் பூசும்போது, அவள் மாட்டின் கழுத்தடியில் கை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள். புதுக் கையென்று மாடு மிரளவில்லை. "பழகுன கை" என்று அப்பா சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

களத்து வேலையும் பிடித்துக்கொண்டாள். அரைமணிக்கு ஒருமுறை பழத்தைக் கிளற வேண்டும், பொழுது சாய்ந்தால் பனி இறங்கும் முன் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிக் காதோரம் ஆட்டச் சொல்லிக் கொடுத்தார் அம்மா. உள்ளே கொட்டை கலகலவென்றால் ஆயிற்று. இரண்டு பேரும் காதில் கையை வைத்துக்கொண்டு நிற்பதைத் திண்ணையிலிருந்து பார்த்தேன். அம்மா தமிழில் சொல்கிறார், அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள், என்னை யாரும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. நாகலூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலு பேர் இப்படி ஒரு வீட்டுக்குப் போய்த் தங்கிவர வழி செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் ஆசை வந்தது. திரும்பிப் போனதும் சங்கத்தில் பேசப் போகிறேன்.

நாளை மறுநாள் கிளம்புகிறோம். டப்பாவில் அவள் கொண்டுவந்த பாலாடைக்கட்டி தீர்ந்து நாளாகிறது. அம்மா அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் எங்கள் சில்வர் ஓக் மரத்துக் கொடியில் பறித்த மிளகைத் துணியில் கட்டிப் பரப்பிவிட்டார். மேலே அதிரசம் வைக்க வேண்டும். நேற்று இரவே மாவில் பாகு ஊற்றி வைத்தாயிற்று. இப்போது அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் கேட்கிறார்:

"ஏன்டி, அந்தப் பாட்டிக்குப் பல்லு இருக்குதா?"

பேத்தியிடம் கேட்டேன். கீழ் வரிசை மட்டும் சொந்தப் பல்லாம். அம்மா மாவில் இன்னொரு கரண்டி நெய் விட்டுப் பிசைகிறார்.