சுவரில் தொங்கிய இராவணன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எங்கே கிளம்பிவிட்டேன் என்று வீட்டில் இப்போதெல்லாம் கேட்பதில்லை. நாகர்கோவிலில் ஒரு பழைய ஓட்டு வீடு. நாலைந்து பேர் சேர்ந்து அதை ஊர்க் கலைஞர்களுக்கான காட்சிக்கூடமாக நடத்தி வருகிறோம். எனக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. மின்வாரியத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விளக்கு மாட்ட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன், அப்படியே ஒட்டிக்கொண்டேன்.

டிக்கெட் கிடையாது. வாசலில் ஓர் உண்டியல் உண்டு. ஏதாவது விற்றால் காசு முழுக்க அதைச் செய்தவருக்கு. கரண்ட் பில்லை நாங்கள் பங்கு போட்டுக் கட்டுகிறோம். மயிலாடிக் கல் வேலை வைத்தோம், வடசேரி கோயில் நகை வைத்தோம். பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் நெற்றியிலும் கழுத்திலும் போட்டுக்கொள்வார்களே, சிவப்புக் கல் பதித்தது, அந்த நகைதான். புவிசார் குறியீடு வாங்கிய பொருள். வடசேரி சந்தைக்கு வாரா வாரம் காய் வாங்க வரும் ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் இங்கயா செய்யுதாவ?” என்று கேட்டார்.

அதற்கப்புறம்தான் தோல்பாவை, தோலில் செய்த பொம்மைகளைத் திரையில் ஆட்டிக் கதை சொல்லும் கூத்து. இந்தக் கூத்தை நடத்தும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் சிலதான் மிச்சம். வீட்டுக்குள் பேசுவது மராட்டி, திரைக்குப் பின்னால் பேசுவது சுத்தமான நாஞ்சில் தமிழ். வயதான ஒரு கூத்துக்காரரிடம் பத்துப் பதினைந்து பாவைகள் வாங்கி வந்து, வெள்ளைச் சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டி, மேலே நல்ல வெளிச்சமாக எல்இடி போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

பெரியவர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. “என்ன சாரே, எல்லாரையும் தூக்குல போட்டுட்டியளே” என்றார்.

ஒரு பாவையைக் கழற்றி ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ஆட்டுத்தோலைச் சுரண்டி மெலிதாக்கி, சாயம் ஏற்றி, உளியால் பொடிப்பொடியாகத் துளை போட்டிருக்கிறார்கள். இராவணனின் ஆரமும் கிரீடமும் எல்லாம் அந்தத் துளைகள்தான். சுவரில் அழுக்குப் பழுப்பாகக் கிடந்த தோல் ஜன்னல் வெளிச்சத்தில் செக்கச்செவேலென்று ஆனது. முன்னால் விளக்குப் போட்டது என் தப்பு. பின்னாலிருந்து வரவேண்டும்.

சரி, இது நம் வேலை என்று இறங்கினேன். மரச்சட்டம் அடித்து வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினோம். பழைய குண்டு பல்பு அழகாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் சூட்டில் தோல் சுருண்டுவிடும். வெள்ளை எல்இடி நிறத்தையெல்லாம் தின்றுவிட்டது. கடைசியில் மஞ்சள் எல்இடிதான் தோதாக அமைந்தது. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் அடிப்பதால் தோலில் பூசணம் வேறு பிடிக்கும். அதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அந்த வேட்டிக்குப் பின்னால் பெரியவரே உட்கார்ந்தார். பத்து இரவு நடக்கும் இராமாயணத்தை முக்கால் மணி நேரத்தில் ஆடினார். அத்தனை பாவைக்கும் அவர் ஒருவரே கை, அவர் ஒருவரே குரல். மகன் மிருதங்கம், வீட்டம்மா ஹார்மோனியம். பிள்ளைகள் இராமனைக் கண்டுகொள்ளவே இல்லை. கூத்தில் வரும் கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடித்துக்கொண்டபோது கூரை பறந்தது. பொன்னாடை வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். அந்தக் காசையும் சேர்த்துக் கூலியாகக் கொடுத்தாயிற்று. இதற்கு முன் ஒரு விழாவில் அவருக்குப் பொன்னாடை மட்டும் போர்த்தி, பஸ்காசு கூடத் தராமல் அனுப்பியிருக்கிறார்கள்.

அனுமன் வாலில் தீ வைத்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் கூப்பிட்டார்: “சாரே, இலங்கை எரியணும். லைட்ட ஆட்டுங்க.”

31 வருஷமும் விளக்கு மினுக்கினால் ஊரே என்னைத்தான் திட்டும். வயரைப் பிடித்துக்கொண்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.