‘மா’: ஓர் அசையும் அதன் பல பிறப்புகளும்

இரண்டு உதடுகளும் சேர்ந்து பிரியும்போது மகரம் பிறக்கிறது. பிரிந்த வாயை அப்படியே திறந்து வைத்தால் ஆகாரம் சேர்ந்து ‘மா’ ஆகிறது. மனித வாய்க்கு இதைவிட எளிய அசைகள் மிகச் சிலவே என்பதால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத எத்தனையோ மொழிகள் இந்த ஒலியை ஏதோ ஒரு பொருளுக்காக எடுத்துக்கொண்டிருக்கின்றன. அகராதிகளைப் புரட்டுவதில் விருப்பமுள்ள எனக்கு இந்தச் சொல்லின் மீது தனிப் பற்று உண்டு. அந்தப் பற்றினாலேயே, ஒலி ஒத்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால் இரண்டு சொற்களை உறவினர்களாக்கிவிடும் அவசரத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

முதலில் நம் மொழியையே பார்க்கலாம். தனித்து நின்று பொருள் தரும் நெடில்களைத் தொல்காப்பியம் ‘ஓரெழுத்து ஒருமொழி’ என்கிறது. நன்னூல் அவற்றை எண்ணி, குறில்கள் இரண்டையும் சேர்த்து, 42 என்று வகுக்கிறது. மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. இந்த ஆறில் மாவைப் போல் பொருள் குவிந்த சொல் வேறில்லை. அரிமா, பரிமா, கரிமா என்னும்போது அது விலங்கு. மாநகர், மாமலை என்னும்போது பெருமை. மாந்தளிர் என்னும்போது மரம். கருமைக்கும் மா என்ற சொல் உண்டு. அரைத்த பொடியை மா என்றே சொல்லும் வழக்கு ஈழத்தமிழில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் விட என்னை ஈர்ப்பது பின்னக் கணக்கில் வரும் மா. பழைய தமிழ்க் கணக்கில் ஒன்றை இருபதாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஒரு மா. இரண்டு பங்கு இருமா, மூன்று பங்கு மும்மா, நான்கு பங்கு நாலுமா, அதாவது ஐந்தில் ஒன்று. மாவை மீண்டும் நான்காகப் பகுத்தால் கிடைக்கும் 1/80 காணி எனப்பட்டது. மாவையும் காணியையும் கூட்டினால் 1/20 + 1/80 = 1/16. அந்தப் பதினாறில் ஒரு பங்குக்கு ‘மாகாணி’ என்று பெயர். பெயரே கூட்டல் கணக்காக இருக்கும் இத்தகைய சொல்லைக் கண்டால் அதை ஆக்கியவர்களை வணங்கத் தோன்றுகிறது. நில அளவையிலும் இதே விகிதம்தான்: ஒரு வேலிக்கு இருபது மா. இந்தப் பின்னங்களுக்கென்று இருந்த தனிக் குறியீடுகள் 2019-இல் வெளிவந்த யூனிகோடு 12.0 பதிப்பில் இடம்பெற்றதால், ஓலையில் எழுதப்பட்ட மாவை இப்போது கணினியிலும் எழுத வழி பிறந்திருக்கிறது.

இத்தனை பொருள்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று கொள்ள முடியாது. மரமாகிய மாவும் விலங்காகிய மாவும் பின்னமாகிய மாவும் தனித்தனிச் சொற்கள். காலப்போக்கில் ஒலியால் ஒரே இடத்தில் வந்து கூடியவை. பெருமையைக் குறிக்கும் மாவிலும் கலப்பு இருக்கிறது. மாவலி, மாபாரதம் போன்றவற்றில் அது வடமொழி ‘மஹா’வின் சுருக்கம் என்பது தெளிவு, மற்ற இடங்களில் அது தமிழுக்கே உரிய சொல்லா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. ஒரு மொழிக்குள்ளேயே ஒலியொப்புமை இவ்வளவு ஏமாற்றக்கூடியது என்றால், மொழி எல்லையைக் கடந்த பிறகு அதை எவ்வளவு எச்சரிக்கையோடு அணுக வேண்டும்!

சீன மொழியில் குதிரைக்கு ‘மா’ என்று பெயர். சங்க இலக்கியத்திலும் மா என்பது பல இடங்களில் குதிரையையே குறிக்கிறது. ஒலி ஒன்று, பொருளும் ஒன்று. இதைக் காணும் எவருக்கும் உள்ளம் துள்ளும். ஆனால் இரண்டு சொற்களையும் அவற்றின் பழைய வடிவத்துக்குப் பின்தொடர்ந்து பார்த்தால் படம் மாறுகிறது. சீனத்தின் தொன்மையான ஒலிப்பை மீட்டெடுத்த ஆய்வாளர்கள், அந்தச் சொல்லில் மகரத்தை அடுத்து ஒரு ரகரம் இருந்தது என்கிறார்கள். சீனத்தோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பர்மிய மொழி அந்த ரகரத்தைத் தன் எழுத்தில் இன்னும் காத்து வைத்திருக்கிறது: குதிரைக்கான சொல்லை ஏறத்தாழ ‘ம்ரங்’ என்று எழுதி ‘மியின்’ என்று ஒலிக்கிறார்கள். தமிழ் மாவோ பின்னோக்கிச் செல்லச் செல்ல ‘மான்’ என்ற சொல்லை நெருங்குகிறது. சங்கப் பாடல்களில் ‘கடுமான்’ என்பது விரைந்து ஓடும் குதிரை. ஆக, ஒன்று ரகரத்தை நோக்கியும் மற்றொன்று னகரத்தை நோக்கியும் விலகிப் போகின்றன. இன்று ஒன்றுபோல் தோன்றுவது, இரண்டும் தேய்ந்து தேய்ந்து ஒரே அசையில் வந்து நின்றதால்தான்.

உண்மையான உறவு இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். தமிழில் பால், பல், பத்து என்பவை இன்றைய கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து. காதுக்குச் சற்று வேறாகத்தான் இருக்கின்றன. ஆனால் பழங்கன்னடத்துக்குப் போனால் அங்கும் பகரமே இருக்கிறது. பின்னால் போகப் போக நெருங்கி வருவதும், ஒரு சொல்லோடு நின்றுவிடாமல் ஒரே மாற்றம் வரிசையாகப் பல சொற்களில் நிகழ்வதும்தான் உறவுக்குச் சான்று. சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816-இலும் கால்டுவெல் 1856-இலும் தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம் என்று காட்டியபோது தனிச் சொற்களின் தற்செயல் ஒற்றுமையை நம்பவில்லை. வேர்களையும் இலக்கண அமைப்பையும் பரந்த அளவில் ஒப்பிட்டார்கள். இந்த உழைப்பைப் பொருட்படுத்தாமல், உலகில் மா என்று ஒலிக்கும் எல்லாமே தமிழிலிருந்து போனவை என்று எழுதுவது தமிழுக்குச் செய்யும் சிறப்பு ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

சீனத்தில் குதிரை மட்டுமன்றித் தாய், சணல், திட்டுதல் ஆகியவையும் மா தான். குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே அவற்றைப் பிரிக்கிறது. தாய் என்பதற்கான எழுத்தைப் பார்த்தால் பெண் என்ற குறியின் பக்கத்தில் குதிரை நிற்கும். அந்தக் குதிரை ஒலியைக் காட்டுவதற்காக மட்டுமே வைக்கப்பட்டது. அதில் வேறு பொருள் தேடக் கூடாது. தாய்லாந்து மொழியில் வருதல், குதிரை, நாய் மூன்றும் தொனியால் வேறுபட்ட மாக்கள். வியட்நாமியத்திலோ ஆறு தொனிகளுக்கும் ஆறு பொருள்: பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று.

இவற்றை விடச் சுவையான ஒப்புமை ஒன்று உண்டு. ‘நீ ஹாவ் மா?’ என்பது சீனத்தில் நலம் விசாரிக்கும் தொடர், ‘நலமா?’ என்பது நம்முடையது. இரண்டும் மாவில் முடிகின்றன, இரண்டும் ஒன்றையே கேட்கின்றன. ஆயினும் நம் தொடரில் மா என்று ஒரு சொல்லே இல்லை: நலம் என்பதன் ஈற்று மகரத்தோடு ஆகார வினா சேர்ந்ததால் அப்படிக் கேட்கிறது. சீன மாவோ, வாக்கியத்தின் கடைசியில் ‘அல்லவா, இல்லையா’ என்பதுபோல் நின்ற ஒரு பழைய மறுப்புச் சொல் தேய்ந்து உருவானது. பிறப்பு முற்றிலும் வேறு.

ஒலியால் ஒத்தவை உறவற்றுப் போவதைப் போலவே, ஒலியால் விலகியவை உறவாக அமைவதும் உண்டு. பௌத்த நூல்களில் புத்தரின் தவத்தைக் கலைக்க வரும் மாரனை நாம் மணிமேகலை வழியாக அறிவோம். அவன் பெயர் ‘இறத்தல்’ என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. பௌத்தம் சீனத்துக்குச் சென்றபோது, அந்தப் பெயரின் முதல் அசையை எழுத அங்கே தனி எழுத்து ஒன்று தோன்றியது. மேலே சணலுக்கான எழுத்து, ஒலிக்காக. கீழே பேய்க்கான எழுத்து, பொருளுக்காக. அந்த எழுத்து ஜப்பானுக்குப் போய் அங்கே ‘மா’ என்று ஒலிக்கப்படுகிறது. தீய ஆவியைக் குறிக்கும் ‘அகுமா’ என்ற ஜப்பானியச் சொல்லின் கடைசி அசை அதுவே. தமிழ்க் காப்பியத்தின் மாரனும் ஜப்பானிய மாவும் ஒரே பெயரின் இரண்டு வடிவங்கள். இதைச் சொல்ல எந்தக் கற்பனையும் தேவையில்லை. வந்த வழி முழுவதும் நூல்களில் பதிவாகியிருக்கிறது.

தமிழிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் புறப்பட்டுப் போன மாவும் உண்டு. மாங்காய், மலையாளத்து மாங்ங என்ற சொற்கள் மலாய் மொழியில் ‘மங்கா’ ஆகி, போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆயின. இதில் நான் மிகவும் மதிப்பது நடுவில் இருக்கும் மெல்லெழுத்தை. மா என்ற மரப்பெயர் காய்க்கு முன் ஙகரத்தையும், பழத்துக்கு முன் மகரத்தையும், தளிருக்கு முன் நகரத்தையும் பெறும் என்பது நம் புணர்ச்சி விதி. அந்த விதி தந்த மெல்லெழுத்து, விதியை அறியாத மொழிகளிலெல்லாம் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இத்தாலிய மொழியில் ‘மா’ என்றால் ‘ஆனால்’. இது ‘மேலும், அதிகமாக’ என்ற பொருளுடைய லத்தீன் ‘மாகிஸ்’ என்பதன் தேய்ந்த வடிவம். அந்த மாகிஸும் வடமொழி மஹாவும் பெருமையைக் குறித்த ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தவை. எனவே மாவலியின் முதல் அசைக்கும் ஓர் இத்தாலியர் பேச்சில் தயங்கி நிறுத்திச் சொல்லும் ‘ஆனால்’ என்பதற்கும் உண்மையான இரத்த உறவு இருக்கிறது. பொருளும் தொலைவு, இடமும் தொலைவு. பின்னால் போனால் மட்டுமே இரண்டும் சந்திக்கும்.

மறுப்பைக் குறிக்கும் மாக்களும் ஒரு பெரிய கூட்டம். கீதையில் வரும் ‘மா சுச:’ என்பதற்கு ‘வருந்தாதே’ என்று பொருள். அந்த மாவுக்கும் கிரேக்கத்தின் ‘மே’ என்ற விலக்குச் சொல்லுக்கும் உறவு உண்டு. துருக்கியத்திலும் ‘மா’ வினையை மறுக்கிறது, அரபியிலும் மறுக்கிறது, பர்மியத்திலும் திபெத்தியத்திலும் மறுக்கிறது. இவற்றில் கடைசி இரண்டு மட்டுமே தமக்குள் உறவினர். மற்றவை தனித்தனியே அங்கு வந்து சேர்ந்தவை. சுவாகிலியில் ‘மா’ என்பது பன்மை முன்னொட்டு: துண்டா என்றால் பழம், மதுண்டா என்றால் பழங்கள். எண்ண முடியாத நீர்மங்களும் அங்கே இந்த வகுப்பில்தான் அடங்குகின்றன. தண்ணீர் ‘மாஜி’, பால் ‘மசீவா’, எண்ணெய் ‘மஃபுத்தா’.

இனித் தாய்க்கு வரலாம். உலகெங்கும் தாயைக் குறிக்கும் சொற்களில் மகரம் மிகுந்திருப்பதை 1960-இல் வெளியான கட்டுரையில் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும்போது மூக்கின் வழியே எழும் முனகல் மெல்லொலியாகத்தான் இருக்கும். பின்பு பசிக்கும்போதும் அதே முனகலைக் குழந்தை எழுப்ப, கேட்கும் பெரியவர்கள் அதைத் தாய்க்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்தின் சாரம். இந்த விளக்கத்தை ஏற்றால், அம்மா, மாமா, மம்மி போன்றவை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவியிருக்க வேண்டிய தேவையே இல்லை; குழந்தை பிறக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அவை புதிதாகப் பிறக்கக்கூடியவை. பொருளைத் தீர்மானிப்பவர்கள் பெரியவர்களே என்பதற்கு ஜார்ஜிய மொழி சான்று: அங்கே ‘மாமா’ என்றால் தந்தை, தாய்க்கு ‘தேதா’. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான பித்ஜந்த்ஜாராவிலும் ‘மாமா’ தந்தைதான்.

கடைசியாக, நம் மொழிக்குள்ளேயே இன்னும் பிரித்தறிய வேண்டிய இரண்டு மாக்கள் இருக்கின்றன. ‘மா என் கிளவி வியங்கோள் அசைச்சொல்’ என்பது தொல்காப்பியச் சூத்திரம்: வாழ்த்து, வேண்டல் போன்றவற்றைச் சொல்லும் வியங்கோள் வினையோடு, தனக்கெனப் பொருள் இன்றி வரும் சொல் இந்த மா. ‘புற்கை உண்கமா கொற்கையோனே’ என்று உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டில் ‘உண்க’ என்ற வியங்கோளை அடுத்து வரும் மா அந்த அசைச்சொல். இன்றைய பேச்சில் ‘சொல்லுமா’, ‘வாமா’ என்கிறோம். ஏவலை ஒட்டி வரும் இந்த மாவைப் பழைய அசைச்சொல்லின் எச்சம் என்று கருதும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் பழைய மா கேட்பவரைப் பார்த்து வருவதில்லை. மேற்காட்டிய அடியில் அது கொற்கை மன்னனைப் பற்றிய கூற்றில் நிற்கிறது. இன்றைய மாவோ பெண்ணையோ குழந்தையையோ அன்போடு விளிக்கும்போதே பெரிதும் வருகிறது. ஆணை விளிக்கும்போது அதே இடத்தில் ‘சொல்லுப்பா’, ‘வாப்பா’ என்று ‘பா’ வந்து நிற்கிறது. அந்தப் பா அப்பாவின் குறுக்கம் என்பதில் ஐயமில்லை என்பதால், அதற்கு இணையாக நிற்கும் இந்த மாவும் அம்மாவின் குறுக்கமே என்று நான் கொள்கிறேன்.